கைவிடாத ரம்பம் எது?

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. விடிந்து பார்த்தால் பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு, வேதாரண்யம் வட்டாரங்களில் தலைமுறைகளாகச் சோறு போட்ட தென்னந்தோப்புகள் தரையோடு தரையாகக் கிடந்தன. லட்சக்கணக்கான மரங்கள். சாலையில் மரம், கூரைமேல் மரம், மின்கம்பிமேல் மரம். நிவாரண லாரி ஊருக்குள் வர வேண்டுமென்றால் முதலில் வழியில் கிடப்பதை அறுத்து ஒதுக்கியாக வேண்டும். அரிவாளும் கோடரியும் வியர்த்து வழிந்து செய்யும் வேலையைச் செயின்சா சில நிமிடங்களில் முடித்துவிடும் என்பதை டெல்டா மாவட்டங்கள் அந்த வாரங்களில் கண்கூடாகப் பார்த்தன.

அதற்கு முன்னும் பார்த்தவைதான். 2011 டிசம்பர் இறுதியில் தானே புயல் கடலூர் மாவட்டத்து முந்திரியையும் பலாவையும் சாய்த்தது. 2016 டிசம்பரில் வர்தா சென்னையின் தெருவோர மரங்களைப் பிடுங்கிப் போட்டது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி கன்னியாகுமரியின் ரப்பர் தோட்டங்களில் புகுந்தது. மரம் அறுக்கும் மெஷின் இன்று டிம்பர் டிப்போக்காரர் மட்டும் வைத்திருக்கும் சாமான் இல்லை. தோப்புக்காரர், சவுக்கு போட்டிருப்பவர், சீமைக் கருவேலம் ஒழிப்பவர், ஊராட்சி, தீயணைப்பு நிலையம் என்று வாங்குவோர் பெருகிவிட்டார்கள்.

கடைக்குள் நுழைகிற எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "அண்ணே, இதுல எந்தக் கம்பெனி நல்லது?" கடைக்காரரும் சளைக்காமல் ஒரு பெயரைச் சொல்லிவிடுவார். ஆனால் கம்பெனிப் பெயரை மட்டும் வைத்து ரம்பம் வாங்கியவர்களில் பலர் ஏமாந்திருக்கிறார்கள். நல்ல பெயருள்ள மெஷினே இரண்டு பருவத்தில் பிஸ்டன் பிடித்து நின்றுவிடுவதும் உண்டு. பெயரே கேள்விப்படாத மெஷின் சரியான கையில் ஐந்தாறு வருடம் உழைப்பதும் உண்டு. காரணத்தைத் தெரிந்துகொள்ள மெஷினைத் திறந்து பார்க்க வேண்டும்.

ஒரே பெயர், இரண்டு ரம்பம்

ஜெர்மனியின் ஸ்டில் நிறுவனத்தின் இரண்டு ரம்பங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். எம்எஸ் 250 என்பது 45.4 சிசி, 2.3 கிலோவாட், 4.6 கிலோ எடை. எம்எஸ் 261 என்பது 50.2 சிசி, 3.0 கிலோவாட், 4.9 கிலோ. இரண்டுக்கும் ஒரே ஆரஞ்சு நிறம், ஒரே எழுத்து. எடையில் 300 கிராம்தான் கூடுதல். சக்தியிலோ முப்பது சதவீதம் ஏறிவிடுகிறது. ஸ்வீடனின் ஹஸ்க்வர்னாவிலும் இதே கதை. 450 என்ற மாடல் 50.2 சிசி, 2.4 கிலோவாட். முதலில் வந்த 550 எக்ஸ்பி 50.1 சிசி, 2.8 கிலோவாட். சிசி கணக்கில் பார்த்தால் எக்ஸ்பி ஒரு மயிரிழை சிறியது. விலையில் மட்டும் பெரிய இடைவெளி.

இடைவெளிக்கான காரணம் உள்ளே இருக்கிறது. வீட்டு உபயோகத்துக்கென்று செய்யப்படும் ரம்பத்தில் கிராங்க்ஷாஃப்ட், சிலிண்டரின் அடிப்பகுதிக்கும் கீழே ஒரு மூடிக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும். அந்த எஞ்சின் மொத்தமும் ஒரு பிளாஸ்டிக் உடலுக்குள் பொருத்தப்பட்டிருக்கும். செய்வது எளிது, செலவும் குறைவு. ஆனால் பிஸ்டனை மாற்ற வேண்டுமென்றால் எஞ்சினையே வெளியே எடுத்தாக வேண்டும். தொழில்முறை ரம்பத்தில் மக்னீசியத்தில் வார்த்த கிராங்க்கேஸ் இரண்டு பாதியாகச் சேர்ந்து, பேரிங்குகளை இறுக்கிப் பிடித்திருக்கும். மேலே சிலிண்டரைத் தாங்கும் நான்கு போல்ட்டைக் கழற்றினால் பிஸ்டன் கைக்கு வந்துவிடும். நாள் முழுக்கச் சூடேறி நிற்கும் எஞ்சினில் மக்னீசியம் தன் வடிவத்தை விடாது. பேரிங் நேராக நிற்கும். செயின் சுற்றி ஓடும் பாரைப் பிடிக்கும் ஸ்டட் கழன்று வராது.

ஆகவே எந்த நிறுவனமும் ஒரு ரம்பம் மட்டும் விற்பதில்லை. வாரக் கடைசியில் இரண்டு கிளை வெட்டுபவருக்கு ஒன்று, காலை ஏழு மணிக்கு ஆரம்பித்து இருட்டும்வரை அறுப்பவருக்கு இன்னொன்று என்று தனித்தனியாகச் செய்கிறது. முதல் வகையை வாங்கி இரண்டாம் வகை வேலைக்கு விட்டுவிட்டு, 'கம்பெனி முன்னே மாதிரி இல்லை' என்று சொல்வதில் நியாயம் இல்லை. தோப்பில் மாதத்துக்கு நாலு மட்டை, ஒரு காய்ந்த மரம் என்று இருப்பவர் தொழில்முறை ரம்பத்துக்குப் பணம் கொட்ட வேண்டியதும் இல்லை. ஸ்டில்லின் எம்எஸ் 180 போன்ற 31.8 சிசி ரம்பம் அவருக்குப் போதும். அதைப் பதினைந்து ஆண்டு வைத்திருக்கலாம். கூலிக்கு அறுப்பவருக்கு அதே மெஷின் ஒரு வருடம்கூடத் தாங்காது.

கைமாறிய பெயர்கள்

ரம்பச் சந்தையில் பெயர் எவ்வளவு வழுக்கலானது என்பதைக் காட்ட மெக்கல்லோவின் கதை ஒன்று போதும். அமெரிக்காவின் ராபர்ட் மெக்கல்லோ 1940களின் கடைசியில் 3-25 என்ற ரம்பத்தைக் கொண்டுவந்தார். எடை 25 பவுண்டு, அதாவது சுமார் 11 கிலோ. அதுவரை இரண்டு ஆள் தூக்கிக்கொண்டு திரிந்த இயந்திரத்தை ஒற்றை ஆள் கையாள முடியும் என்று நிரூபித்தது அந்த மாடல். பணம் குவிந்தது. 1968இல் அவர் லண்டன் பாலத்தையே, அந்தப் பழைய கல் பாலத்தையே, 24 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு விலைக்கு வாங்கினார். கல் கல்லாகப் பிரித்து அரிசோனா பாலைவனத்தில் தான் உருவாக்கிய லேக் ஹவாசு நகரத்தில் நிறுத்தினார். பாலம் இன்றும் அங்கே நிற்கிறது. கம்பெனிதான் நிற்கவில்லை; 1999இல் திவாலாகிப் போனது. இன்று மெக்கல்லோ என்ற பெயர் ஹஸ்க்வர்னா குழுமத்தின் கையில் ஓர் ஒட்டுச்சீட்டாக இருக்கிறது.

ஸ்வீடனின் ஜோன்செரெட் 1954இல் தன் முதல் ரம்பத்தை வெளியிட்டு மரவெட்டிகளிடம் பெரும் பெயர் எடுத்தது. 1978இல் எலக்ட்ரோலக்ஸ் அதை வாங்கியது. அதே ஆண்டு ஹஸ்க்வர்னாவையும் வாங்கியது. அதன்பின் சிவப்பு உடல் போட்ட ஜோன்செரெட்டும் ஆரஞ்சு உடல் போட்ட ஹஸ்க்வர்னாவும் பல மாடல்களில் உள்ளே ஒரே மெஷின் ஆகிப்போயின. 2006இல் எலக்ட்ரோலக்ஸிலிருந்து பிரிந்து ஹஸ்க்வர்னா தனி நிறுவனமானது. எந்த நிறம் உசத்தி என்று ஒரே மெஷினின் இரு உடல்களை வைத்து வாதாடியவர்கள் ஐரோப்பாவில் ஏராளம்.

ஹாம்பர்க் நகரில் எமில் லெர்ப் 1927இல் தொடங்கிய டோல்மர், தன் முதல் பெட்ரோல் ரம்பத்தைச் சோதித்துப் பார்த்த, துரிங்கியாவில் உள்ள டோல்மர் மலையின் பெயரையே வைத்துக்கொண்டது. ஸ்டில்லுக்கு இணையாக வளர்ந்த அந்த நிறுவனத்தை 1991இல் ஜப்பானின் மக்கிட்டா வாங்கியது. கிட்டத்தட்ட முப்பது ஆண்டு நீல நிற மக்கிட்டா ரம்பங்களுக்குள் டோல்மரின் ஜெர்மன் எஞ்சின் ஓடியது. 2022 மார்ச்சோடு மக்கிட்டா பெட்ரோல் எஞ்சின் கருவிகளின் உற்பத்தியையே நிறுத்திவிட்டுப் பேட்டரிக்கு முழுசாக மாறியது. அருமையான ரம்பங்கள் அவை. ஆனால் இன்று ஒருவர் பழைய மக்கிட்டா பெட்ரோல் ரம்பம் வாங்குகிறார் என்றால், இன்னும் எத்தனை வருடம் உதிரி கிடைக்கும் என்பதையும் சேர்த்து விலை பேச வேண்டும்.

நிறுவனம் கைமாறாமல் நிற்பது ஸ்டில். ஆந்த்ரேயாஸ் ஸ்டில் 1926இல் ஸ்டுட்கார்ட்டில் தொடங்கியது. இன்றும் குடும்பச் சொத்து. முதல் மின்சார ரம்பம் ஏறக்குறைய 48 கிலோ, இரண்டு ஆள் பிடிக்க வேண்டும். 1959இல் வந்த 'கான்ட்ரா' கியர் இல்லாமல் நேரடியாகச் செயினை ஓட்டியது. எடை 12 கிலோ. காட்டு வேலையின் முகமே மாறியது. ஹஸ்க்வர்னா தன் முதல் ரம்பத்தை வெளியிட்டதும் அதே 1959இல்தான், 1689லிருந்து துப்பாக்கி செய்துவந்த பட்டறையிலிருந்து. 1969இல் அதிர்வு கைக்கு வராமல் தடுக்கும் அமைப்பை மெஷினோடு சேர்த்தே வடிவமைத்தது அந்த நிறுவனம். நாளெல்லாம் ரம்பம் பிடித்து விரல் வெளுத்து மரத்துப்போகும் நோய் காட்டுத் தொழிலாளிகளை வாட்டிக்கொண்டிருந்த காலம் அது.

ஜப்பானின் எக்கோ மூன்றாவது பெரிய பெயர். கியோரிட்ஸ் நிறுவனமும் ஷிண்டைவாவும் 2008இல் இணைந்து யமாபிகோ ஆனபோது எக்கோ அதன் முதன்மைப் பிராண்டாகத் தொடர்ந்தது. சி.எஸ்.590 என்ற அதன் 59.8 சிசி ரம்பம், தொழில்முறை மெஷினுக்குரிய உடலோடு, ஐரோப்பியர்களைவிட மலிவாகக் கிடைப்பதால் அமெரிக்காவில் விறகு வெட்டுவோரிடம் பெயர் பெற்றது. எடை சற்றுக் கூடுதல், சக்தி சற்றுக் குறைவு, விலை குறைவு. நேர்மையான பேரம்தான்.

5200, 5800

தமிழ்நாட்டுச் சந்தையில் அதிகம் கண்ணில் படுபவை வேறு. ஆன்லைனிலும் விவசாயக் கருவிக் கடைகளிலும் பத்தாயிரம் ரூபாய்க்கும் குறைவாக, பச்சை, மஞ்சள், சிவப்பு, ஆரஞ்சு என்று விதவிதமான உடலோடு, விதவிதமான பெயரோடு தொங்கும் சீன ரம்பங்கள். உடலில் 5200 என்றோ 5800 என்றோ எழுதியிருக்கும். பெயர்கள் ஐம்பது இருந்தாலும் மெஷின் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஜப்பானின் செனோவா நிறுவனம் முன்பு வடிவமைத்த ரம்பத்தின் நகல்கள் இவை. மூல நிறுவனமான செனோவாவை 2007இல் ஹஸ்க்வர்னா வாங்கிவிட்டது. நகல்கள் மட்டும் சீனத் தொழிற்சாலைகளிலிருந்து உலகமெங்கும் போய்க்கொண்டிருக்கின்றன.

இவற்றை ஒரேயடியாகக் குப்பை என்று தள்ளுவது சரியில்லை. வடிவமைப்பு நல்ல இடத்திலிருந்து வந்தது. உதிரி எங்கும் கிடைக்கும், அதுவும் கொள்ளை மலிவு. கார்புரேட்டரையே புதிதாக மாற்றினாலும் பெரிய செலவில்லை. மரத்தடியில் உட்கார்ந்து ஸ்பேனரும் ஸ்க்ரூடிரைவரும் வைத்துப் பிரித்து மாட்டத் தெரிந்தவருக்கு இது பயனுள்ள மெஷின். சிக்கல் எங்கே என்றால், ஒரு பெட்டியில் வருவது போல அடுத்த பெட்டியில் வராது. ஒன்றில் ஆயில் பம்ப் சரியாக இறைக்கும். அடுத்ததில் சொட்டுக்கூட வராது. ஒன்றில் செயின் பிரேக் கச்சிதமாகப் பிடிக்கும். அடுத்ததில் பேருக்கு இருக்கும். உலோகத்தின் தரத்தை வெளியிலிருந்து பார்த்து யாரும் சொல்ல முடியாது.

சிசி கணக்கையும் அப்படியே நம்ப வேண்டாம். சிலிண்டரின் உள்விட்டமும் பிஸ்டனின் வீச்சும் தெரிந்தால் பள்ளிக்கூடக் கணக்குதான். உள்விட்டம் 45.2 மில்லிமீட்டர், வீச்சு 34 மில்லிமீட்டர் என்றால் கொள்ளளவு 54.6 சிசி. அந்த மெஷினின் உடலில் 58 என்று எழுதியிருந்தால் எழுத்துக்குத்தான் அந்தச் சக்தி. 22 அங்குல பாரை மாட்டி விற்கிறார்களே என்று மயங்கவும் வேண்டாம். நீள பாரை இழுக்க எஞ்சினுக்குத் தெம்பு வேண்டும். இல்லையென்றால் செயின் மரத்துக்குள் திணறி நிற்கும், கிளட்ச் கருகும். ஐம்பது சிசி மெஷினுக்கு 16 அல்லது 18 அங்குலம் போதும். இரண்டு பக்கமிருந்தும் அறுத்தால் எந்தத் தென்னையும் விழும்.

நகலைவிட மோசமானது போலி. நகல் தன் பெயரில் வருகிறது. போலி, ஸ்டில் என்றோ ஹஸ்க்வர்னா என்றோ பொய்ப்பெயர் ஒட்டிக்கொண்டு, அசலின் பாதி விலையில் சந்தையில் நிற்கிறது. ஸ்டில் தன் ரம்பங்களை சர்வீஸ் செய்யும் டீலர் மூலமாகவே விற்கும் கொள்கையை வைத்திருக்கிறது. சாலையோரத்தில், லாரியின் பின்பக்கத்தில், 'கப்பலில் வந்த சரக்கு' என்று சொல்லி விற்கப்படும் ஆரஞ்சு ரம்பத்தை அந்த ஒரு காரணத்துக்காகவே தொடாமல் விடலாம்.

பட்டறை எங்கே?

மூன்று நான்கு நல்ல பிராண்டுகளுக்குள் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் அவற்றின் வித்தியாசத்தைவிட, பட்டறை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதுதான் முக்கியம். கோவையிலும் மதுரையிலும் எல்லா உதிரியும் கிடைக்கலாம். முத்துப்பேட்டையில் சவுக்கு வெட்டிக்கொண்டிருப்பவரின் மெஷினில் ஸ்டார்ட்டர் ஸ்பிரிங் உடைந்தால் அன்றைய கூலி போச்சு; உதிரி வர நாலு நாள் ஆனால் நாலு நாள் கூலியும் போச்சு. வாங்குவதற்கு முன் கடைக்காரரிடம் தயங்காமல் கேட்க வேண்டும்: இந்த மாடலுக்கு கிளட்ச் டிரம், ஆயில் பம்ப், கார்புரேட்டர் டயஃப்ரம் கிட், ஸ்டார்ட்டர் ஸ்பிரிங் இப்போது இருப்பில் இருக்கிறதா? டப்பாவை எடுத்து மேஜைமேல் வைக்கிறாரா, 'ஆர்டர் போட்டா வந்துரும்ணே' என்கிறாரா? விலைப் பட்டியலைவிட இந்தப் பதிலில் அதிகம் தெரிந்துவிடும்.

புதிய தொழில்முறை ரம்பங்களில் கார்புரேட்டரைத் திருகித் திருத்தும் வேலையே இல்லை. ஸ்டில்லின் எம்-ட்ரானிக், ஹஸ்க்வர்னாவின் ஆட்டோட்யூன் இரண்டும் எரிபொருள் கலவையை எஞ்சினின் ஓட்டத்தைப் பார்த்துத் தாமே சரிசெய்துகொள்கின்றன. 2019இல் விற்பனைக்கு வந்த ஸ்டில் எம்எஸ் 500i இன்னும் ஒரு படி மேலே: கார்புரேட்டரே கிடையாது, மின்னணு முறையில் எரிபொருள் பாய்ச்சும் உலகின் முதல் செயின்சா. 79.2 சிசி, 5.0 கிலோவாட், எடை 6.2 கிலோ மட்டும். கடல் மட்டத்திலும் வால்பாறையிலும் ஒரே மாதிரி ஓடும் வசதி இது. ஆனால் கோளாறு என்று வந்தால் கணினி இணைத்துப் பார்க்கத் தெரிந்த மெக்கானிக் வேண்டும். அப்படி ஒருவர் எட்டும் தூரத்தில் இல்லாத ஊரில் திருகு வைத்த பழைய கார்புரேட்டர் மாடல் புத்திசாலித்தனமான தேர்வு.

பெட்ரோலில் இருக்கும் வில்லங்கம்

இந்தியாவில் இப்போது ரம்பம் வாங்குகிறவர் யோசிக்க வேண்டிய முக்கியமான விஷயம் பங்க்கில் இருக்கிறது. பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2022 ஜூனில் பத்து சதவீதத்தைத் தொட்டது. 2025இல் இருபதை எட்டிவிட்டது. ரம்பத் தயாரிப்பாளர்கள் பலரின் கையேடுகளில் பத்து சதவீதத்துக்கு மேல் எத்தனால் கூடாது என்று அச்சிட்டிருக்கிறார்கள்.

எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் கலவை 'லீன்' ஆகிறது, அதாவது காற்று மிகுந்து எரிபொருள் குறைகிறது. காரில் கணினி அதைச் சரிக்கட்டிவிடும். திருகு கார்புரேட்டர் ரம்பத்தில் சரிக்கட்ட யாரும் இல்லை. டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு உயவு தரும் ஆயில் பெட்ரோலோடு சேர்ந்தே வருவதால், எரிபொருள் குறைந்தால் ஆயிலும் குறையும், சூடு ஏறும், பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விப் பிடிக்கும். பட்டறைகளில் 'சீஸ் ஆயிடுச்சு' என்று சொல்வது இதைத்தான். எம்-ட்ரானிக் உள்ள எஞ்சின்கள் 25 சதவீத எத்தனால் வரை முழுச் சக்தி தரும் என்று ஸ்டில்லின் கையேடுகள் சொல்கின்றன. ஆகவே இந்த ஒரு விஷயத்தில் மின்னணுக் கார்புரேட்டருக்கு உண்மையான அனுகூலம் இருக்கிறது. திருகு மாடல் வைத்திருப்பவர் மெக்கானிக்கிடம் கொடுத்து, அதிவேக ஓட்டத்தின் கலவையைக் கட்டுப்படுத்தும் எச் திருகை இன்றைய பெட்ரோலுக்கு ஏற்பச் சற்று வளமாக வைத்துத் தரச் சொல்ல வேண்டும்.

எத்தனால் தண்ணீரையும் உறிஞ்சும். மழைக்காலத்தில் கேனில் இரண்டு மாதம் கிடந்த கலவையில் அடியில் தண்ணீரும் எத்தனாலும் தனியாகப் பிரிந்து நிற்கும். ரப்பர் குழாயும் டயஃப்ரமும் ஊறி இறுகும். நாலைந்து வாரத்துக்கு மேல் கலவையை வைத்திருக்கக் கூடாது. மெஷினை மூட்டை கட்டி வைப்பதற்கு முன் டேங்கைக் காலி செய்துவிட்டு, நிற்கும்வரை ஓடவிட வேண்டும். ஆயில் லிட்டருக்கு 20 மில்லி, ஒன்றுக்கு ஐம்பது என்ற விகிதம். ஆனால் அது ஜேசோ எஃப்டி தரமுள்ள ஆயிலுக்கு. பழைய மொபெட்டுக்கு ஊற்றிய சாதா டூ-டி ஆயிலை அதே அளவில் ஊற்றி நிமிடத்துக்குப் பத்தாயிரத்துக்கும் மேல் சுற்றும் எஞ்சினை ஓட்டுவது, அதைக் கொல்வதற்குச் சமம்.

பார் ஆயிலிலும் இதே அலட்சியம். டிராக்டரிலிருந்து இறக்கிய கழிவு ஆயிலைச் செயினுக்கு ஊற்றுவது இங்கே சர்வசாதாரணம். அதில் இரும்புத் துகள் இருக்கும். பம்பையும் பாரையும் தின்றுவிடும். செயின் சுற்றும் வேகத்தில் அது ஒட்டாமல் தெறித்தும் விடும்.

அறுப்பது பல்

இத்தனை பிராண்டுச் சண்டைக்கும் நடுவில் மரத்தைத் தொடுவது ஒரே ஒரு பாகம், செயின். அதன் வரலாற்றில் ஒரு புழு இருக்கிறது. 1946இல் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டி, பட்டுப்போன கட்டைக்குள் ஒரு வண்டுப் புழு மரத்தைக் குறுக்கேயும் நெடுக்கேயும் சளைக்காமல் அரித்துக்கொண்டு போவதைக் கவனித்தார். அதன் தாடை இடமும் வலமுமாக மாறி மாறி இயங்கியது. அதே வடிவத்தில் இடப்பல், வலப்பல் என்று மாற்றி மாற்றி அமைத்து எஃகில் ஒரு செயின் செய்தார். 1947இல் போர்ட்லாந்தில் தன் வீட்டு நிலவறையில் தொடங்கிய தொழில்தான் இன்று ஒரிகன் என்ற பெயரில் ஏகப்பட்ட பிராண்டுகளின் ரம்பங்களுக்குச் செயின் தருகிறது. ஸ்டில் தன் செயினைத் தானே ஸ்விட்சர்லாந்தின் வில் நகரில் செய்துகொள்கிறது.

ஒரு பல்லைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். முன்னால் ஒரு மொட்டு, பின்னால் வளைந்த கத்தி. பட்டறையில் மொட்டை 'ரேக்கர்' என்பார்கள். இழைப்புளியில் தகடு எவ்வளவு வெளியே நீட்டியிருக்கிறதோ அவ்வளவு சுருள் வருவதைப் போல, ரேக்கர் கத்தியைவிட எவ்வளவு தாழ்ந்திருக்கிறதோ அவ்வளவு மரத்தைத்தான் பல் கடிக்கும். வழக்கமாக அந்த இறக்கம் 0.65 மில்லிமீட்டர். அரம் போட்டுப் போட்டுக் கத்தி தேயத் தேய அதன் உயரம் குறையும். ரேக்கரும் அதற்கேற்பக் குறைய வேண்டும். நம் ஊரில் கத்திக்கு அரம் போடுகிறார்கள், ரேக்கரை மறந்துவிடுகிறார்கள். பல் பளபளவென்று கூராக இருக்கும், மரம் மட்டும் அறுபடாது. ஆள் மெஷினை அழுத்துவார், எஞ்சின் சூடாகும், பழி கம்பெனிமேல் விழும்.

அறுக்கும்போது கீழே விழுவதைப் பார்த்தாலே தெரியும். கூரான செயின் சில்லுச் சில்லாக மரத்துண்டு தள்ளும். மழுங்கியது மாவாகத் தள்ளும். மாவு வந்தால் மெஷினை அணைத்துவிட்டு அரத்தை எடுக்க வேண்டும். எந்த அரம் என்பதும் செயினைப் பொறுத்தது: சிறிய ரம்பங்களின் 3/8 லோ-புரொஃபைலுக்கு 4.0 மில்லிமீட்டர் உருண்டை அரம், .325 செயினுக்கு 4.8. முழு 3/8 செயினுக்கு ஸ்டில் 5.2 என்கிறது, ஒரிகன் 5.5 என்கிறது. பழக்கடையில் எலுமிச்சை பொறுக்குவது போல 'ஏதோ ஒண்ணு குடுங்க' என்று வாங்கினால் பல்லின் கோணமே கெட்டுவிடும்.

தென்னை இந்த விஷயத்தில் ரொம்பக் கொடுமைக்காரி. வெளிவட்டம் கருங்காலி போல இறுகியிருக்கும், நடுப்பகுதி சோறு. பனைக் குடும்பத்து மரங்களின் திசுவில் சிலிக்கா, அதாவது மணலின் சத்து, கலந்திருப்பதால் பல் சீக்கிரம் மழுங்கும். நீள நீளமான நார், செயினைச் சுழற்றும் ஸ்ப்ராக்கெட்டின் மூடிக்குள் சுற்றிக்கொண்டு ஆயில் துளையை அடைக்கும். புயலில் விழுந்த மரமோ சேறும் மண்ணும் பூசிக் கிடக்கும். ஒருமுறை மண்ணைத் தொட்டால் கூர் போய்விடும். தென்னை அறுக்கப் போகிறவர் அரைடஜன் செயின் கொண்டுபோவதில் தப்பில்லை. ஒரே மெஷினோடு நாலு நல்ல செயின் வைத்திருப்பவர், விலையுயர்ந்த மெஷினில் ஒரே மழுங்கல் செயின் மாட்டியிருப்பவரை எந்த நாளும் முந்திவிடுவார்.

பேட்டரி, கை, கால்

பெட்ரோலே வேண்டாம் என்கிற வழியும் உண்டு. கலிஃபோர்னியாவில் 2021இல் நிறைவேறிய சட்டப்படி சிறிய பெட்ரோல் எஞ்சின் கருவிகளின் விற்பனைக்கு 2024லிருந்து கதவு மூடத் தொடங்கிவிட்டது. ஸ்டில்லின் எம்எஸ்ஏ 300 பேட்டரி ரம்பம் செயினை நொடிக்கு 30 மீட்டர் வேகத்தில் ஓட்டுகிறது. ஐம்பது சிசி மெஷினோடு போட்டி போடும். வீட்டுத் தோட்டத்துக்கும் நகராட்சிக் கிளை வெட்டுக்கும் இனி பேட்டரிதான் முதலில் யோசிக்க வேண்டியது: எத்தனால் தொல்லை இல்லை, கார்புரேட்டர் இல்லை, கயிறு இழுக்க வேண்டாம். புயல் அடித்து ஒரு வாரம் கரண்ட் இல்லாத கிராமத்தில் மட்டும் அதை நம்ப முடியாது.

எந்த ரம்பமானாலும், பாரின் மூக்கின் மேல்பாதி மரத்தில் பட்டால் கண்ணிமைக்கும் நேரத்தில் எகிறி முகத்துக்கு வரும். 1970களின் தொடக்கத்தில் ஸ்டில்லும் ஹஸ்க்வர்னாவும் அடுத்தடுத்துக் கொண்டுவந்த செயின் பிரேக் இதற்காகவே. 2005 ஜனவரியில் குட்ரூன் புயல் ஸ்வீடனில் சுமார் ஏழரைக் கோடி கன மீட்டர் மரத்தைச் சாய்த்தது. காட்டு வேலையில் உலகிலேயே தேர்ந்த அந்த நாட்டிலும், விழுந்த மரங்களை அறுத்தெடுக்கும் வேலையில் உயிர்கள் போயின. ஒன்றன்மேல் ஒன்று விழுந்து முறுக்கிக் கிடக்கும் மரம் வில்லாக வளைந்து நிற்கும். அறுத்ததும் எந்தப் பக்கம் அடிக்கும் என்று சொல்ல முடியாது. லுங்கியும் ரப்பர் செருப்புமாக அதில் இறங்குபவரைப் பார்க்கும்போது மனசு பதறுகிறது. ரம்பத்துக்குரிய பாதுகாப்புக் கால்சட்டைக்குள் நீள இழைகள் அடுக்கடுக்காக இருக்கும். செயின் பட்டதும் அவை இழுபட்டு ஸ்ப்ராக்கெட்டில் சுற்றி மெஷினை நிறுத்திவிடும். ரம்பம் வாங்கும் பட்ஜெட்டில் கால்சட்டை, ஹெல்மெட், காதடைப்பு மூன்றும் சேர்ந்தே இருக்க வேண்டும். அதற்குப் பணம் பற்றவில்லையென்றால் ஒரு மாடல் கீழே இறங்கி வாங்கலாம்.

கடையை விட்டுக் கிளம்புமுன் இரண்டு சோதனை. மெஷினை ஓடவிட்டு மணிக்கட்டால் முன்கவசத்தைத் தள்ளினால் செயின் அந்த நொடியே நிற்க வேண்டும். பாரின் நுனியை ஓர் அட்டைக்கு மேலே பிடித்து வேகம் கொடுத்தால் அட்டையில் எண்ணெய்க் கோடு விழ வேண்டும். இரண்டில் ஒன்று நடக்காவிட்டாலும் அந்தப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்து வேறு கேட்கலாம், கேட்க வேண்டும்.

பழைய மெஷின் வாங்குவோருக்கு இன்னும் எளிய வழி உண்டு. ஸ்டார்ட்டர் பிடியை ஒரு கையால் பிடித்து மெஷினைத் தொங்கவிட்டுப் பாருங்கள். படிப்படியாக, தயங்கித் தயங்கி இறங்கினால் கம்ப்ரஷன் இருக்கிறது. சரசரவென்று தரைக்கு வந்தால் ரிங்கும் பிஸ்டனும் போய்விட்டன. அடுத்து சைலன்சரின் இரண்டு மூன்று திருகைக் கழற்றி, கயிறை மெதுவாக இழுத்தபடி டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். பிஸ்டனின் பக்கம் வழவழப்பாக, மெல்லிய கடைசல் கோடுகளோடு இருக்க வேண்டும். மேலிருந்து கீழாகக் கீறல்கள் ஓடினால் அந்த எஞ்சின் ஆயில் இல்லாமலோ லீன் கலவையிலோ வெந்திருக்கிறது. விற்பவர் உடனே ஸ்டார்ட் செய்து காட்டுவார். பிஸ்டன் கீறிய மெஷினும் அன்றைக்கு ஸ்டார்ட் ஆகும். சிலிண்டர் செட்டின் விலையைப் பட்டறையில் விசாரித்து, கேட்கும் தொகையிலிருந்து கழித்துக்கொண்டு பேரத்தை ஆரம்பிக்கலாம்.